ஏரியும் ஒரு கட்டடமே

எந்திரங்கள் இல்லாத காலத்தில் நம் முன்னோர் கட்டியவற்றுள் சிறந்தது எது என்று கேட்டால், திருவண்ணாமலைக்கு அருகில் வாழும் நாம் உடனே இராஜகோபுரத்தைச் சுட்டிக் காட்டுவோம். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சைச் சேவப்ப நாயக்கர் முடித்த 217 அடி உயரக் கோபுரம் அது, காட்டுவதில் தவறில்லை. ஆனால் நம் வேங்கிக்கால் ஏரியின் கரையையும் ஒரு கட்டடம் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்?

ஏரி கட்டுவோர் முதலில் நிலத்தின் சரிவைப் பார்த்தனர். மூன்று பக்கம் மேடாக உள்ள இடத்தைத் தேர்ந்து, தாழ்ந்த பக்கத்தில் மட்டும் வில்போல் வளைத்துக் கரை எழுப்பினர். மண்ணைக் கூடை கூடையாகக் கொட்டி இறுக்கினர். அலை அரிக்காதபடி உட்புறம் கல் பாவினர்.

நம்மை மிகவும் வியக்க வைப்பது குமிழித் தூம்பு. கரையிலிருந்து சற்று உள்ளே, நீருக்கு அடியில் ஒரு கல்தொட்டி இருக்கும். அதன் மேற்புறம் நீரோடித் துளை. கீழே சேறோடித் துளைகள். தொட்டியிலிருந்து கரையின் அடியாக ஒரு சுருங்கை வெளி வாய்க்காலுக்குச் செல்லும். மேல்துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கியதும் நீர் விசையுடன் பாயும். அவ்விசை அடியில் படிந்த சேற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஏரியும் தூர்ந்து போகாது, வயலுக்கும் வண்டல் உரம் கிடைக்கும்! ஒரே கல்லால் இரண்டு வேலை. வெள்ளக் காலத்தில் மூச்சடக்கி மூழ்கி அந்தக் கல்லைத் தூக்கியவர் மடையர். இன்று அச்சொல்லை வசையாக வழங்குகிறோமே, அது நியாயமா?

மிகுந்த நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குச் செல்லும். இவற்றைக் காக்கவும் ஏற்பாடு இருந்தது. முதலாம் பராந்தகச் சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) ஏரி வாரியத்துக்கு ஆறு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையைக் கூறுகிறது.

அதே நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ 980இல், டென்மார்க்கில் வைகிங்குகள் ராவ்னிங் எங்கே என்னும் இடத்தில் சதுப்பு நிலத்தின் குறுக்கே சுமார் 760 மீட்டர் நீளத்துக்கு ஓக் மரப் பாலம் அமைத்தனர். கடலோடிகள் என்று மட்டுமே நாம் படித்தவர்கள் தேர்ந்த தச்சர்களாகவும் இருந்திருக்கிறார்கள். ஆயினும் அப்பாலம் நெடுங்காலம் பயன்படவில்லை. நம் நாட்டிலோ பராந்தகன் காலத்து வீராணம் ஏரி இன்றும் வயலுக்கு நீர் தருவதோடு, சென்னைக்குக் குடிநீரும் தருகிறது. ஆண்டுதோறும் பராமரித்தால்தான் மண்கரை நிற்கும் என்பதை அறிந்தே வாரியம் அமைத்தார்கள் போலும்.

2024 டிசம்பர் 1ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து எழுவர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. மலையில் பெய்யும் நீர் எப்படியும் கீழே இறங்கியே தீரும். அதற்குரிய ஓடையும் வாய்க்காலும் அடைபட்டால் அது தெருவுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வரும். ஆகவே, நம் ஏரிக்கு நீர் எந்த வழியே வருகிறது, கலங்கலைத் தாண்டி எந்த ஏரிக்குப் போகிறது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அடுத்த மழைக்கு முன் ஒரு வரைபடம் வரையத் தொடங்கியிருக்கிறோம்.