திரும்பி வந்தால் தாங்குகிற எண்ணிக்கை

"பத்துப் பன்னிரண்டு கத்தி செய்துவிட்டு ‘தீர்ந்துபோச்சு’ என்கிறான். எல்லாம் விலை ஏற்றுகிற வித்தை" என்று என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் திருவண்ணாமலையில் உண்டு. செங்கம் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து யாரும் பேசலாம். டி2 எஃகுத் தகட்டை ஒருமுறை காசு கொடுத்து வாங்கிக் கத்தியாக்கி விற்றுப் பார்த்தவர் பேசமாட்டார். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டீக்கடைக்காரர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

உங்கள் பட்டறையும் என்னுடையதைப் போலத்தான் இருக்கும். ஒரு கரி உலை, ஒரு ப்ளோவர், அப்பா காலத்துப் பட்டடை, தவணையில் வாங்கிய பெல்ட் கிரைண்டர். கைக்கு வருவது பெரும்பாலும் லாரிப் பட்டை, அதாவது பழைய லாரி ஸ்பிரிங். வெட்டி, காய்ச்சி, அடித்து, உரசி, தோய்ச்சல் போட்டு, பிடி மாட்டுவதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரிப் பட்டை நம்மைப் பொறுத்துப்போகும். காந்தம் ஒட்டாமல் போகிற சூடு சுமார் 770 டிகிரி. அதற்குக் கொஞ்சம் மேலே ஏற்றி எண்ணெயில் இறக்கினால், கண் பழகியவனுக்கு அது தவறாது.

டி2 அப்படியில்லை. பஞ்ச், டை செய்வதற்காக உருவான எஃகு அது. ஒன்றரை சதவீதம் கார்பன், 12 சதவீதம் அளவுக்குக் குரோமியம். 1000 டிகிரிக்கு மேலே கொண்டுபோய் அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டும். கரி உலையில் நிறம் பார்த்துச் செய்கிற வேலையில்லை. சென்னைப் பக்கம் வேக்கம் ஃபர்னஸ் வைத்திருப்பவரிடம் அனுப்பியாக வேண்டும். அங்கே லோடு கணக்கு. கொஞ்சம் கொடுத்தாலும் நிறையக் கொடுத்தாலும் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று உண்டு. தகடும் இருக்கிற அளவில்தான் கிடைக்கும். தீர்ந்த பிறகு அதே சரக்கு மறுபடி வரும் என்று வியாபாரி சொல்லமாட்டார். உரசும்போது பெல்ட் தேய்கிற வேகத்தைப் பார்த்தால் வயிறு எரியும். வனேடியம் அதிகமுள்ள எஃகு இன்னும் மோசம். அதிலுள்ள கார்பைடு, சாதாரண பெல்ட்டில் ஒட்டியிருக்கிற அலுமினாவைவிடக் கடினமானது. எது எதை உரசுகிறது என்றே சந்தேகம் வந்துவிடும்.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே கதைதான். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ, ‘ஸ்பிரின்ட் ரன்’ என்று பெயர் வைத்து, வழக்கமான மாடலையே வேறு எஃகில் ஒரு தவணை மட்டும் செய்து விற்கிறது. எஸ்30வி போன்ற பவுடர் எஃகுகளைக் கத்திக்காரர்களுக்குக் கொடுத்துவந்த குரூசிபிள் கம்பெனி 2024 டிசம்பரில் திவால் மனு போட்டது. ஆலையே ஆட்டம் காணும்போது, அந்த எஃகை நம்பி வருஷம் முழுக்க ஒரே கத்தியை எவன் செய்வான்?

"நம்ம கவுத்தி மலையிலயே இரும்பு இருக்கே, உனக்கென்னப்பா பஞ்சம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாது வேறு, எஃகு வேறு. பழைய தென்னாற்காட்டு மாவட்டத்தில் இருந்த மேல்சிறுவளூரில் மூசையில் உருக்கு காய்ச்சிய தடயங்களைப் பற்றி சாரதா சீனிவாசன் 1994-இல் எழுதினார். இரும்பையும் கரிப்பொருளையும் மூசைக்குள் அடைத்து மூடிக் காய்ச்சினால் கிடைத்தது கைக்குள் அடங்குகிற கட்டிதான். ஐரோப்பாவரை பேர் போன உருக்கு நம் பக்கத்தில் அன்றைக்கும் வண்டி வண்டியாகக் கொட்டிக் கிடக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் செலவுக் கணக்கு. அதை விலையில் ஏற்றிச் சமாளித்துவிடலாம். என்னைக் கவிழ்த்தது வேறு.

முதல் தவணை டி2 கத்திகளை ரமணாசிரமம் பக்கம் வீடெடுத்துத் தங்கியிருக்கிற வெளிநாட்டுக்காரர்கள்தான் வாங்கினார்கள். காய், பழம் மட்டும் நறுக்குவார்கள், கழுவினால் உடனே துடைப்பார்கள், தண்ணீர்க் கல்லில் அவர்களே தீட்டிக்கொள்வார்கள். ஒரு குறையும் வரவில்லை. அந்தப் பேரைக் கேட்டு, கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஊர்க்காரர்கள் வந்தார்கள். கறிக்கடை, மெஸ், கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிற குழு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தேன். "எதை வெட்டப் போறீங்கண்ணா?" என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. என் நஷ்டம் முழுக்க அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

டி2 கடினம், ஆனால் அடி தாங்காது. உள்ளே பெரிய பெரிய குரோமியம் கார்பைடுகள். கறிக்கடைக்காரர் எலும்பில் போட்டார், வாய் பல்லுப் பல்லாக விழுந்தது. மெஸ்காரர் எலுமிச்சை அறுத்துவிட்டு அப்படியே வைத்தார். இது முழு ஸ்டெயின்லெஸ் இல்லை, புள்ளி புள்ளியாகக் கறை. சாணை பிடிக்கிறவர் காய்ந்த கல்லில் வைத்து நீலம் பாய விட்டார். அன்னதானக் குழுவின் மாஸ்டர் தேங்காயை அதே கத்தியால் உடைத்தார். உடைந்த துணுக்கு எங்கே போனது என்று தெரியாமல், நறுக்கிவைத்த பூசணிக்காய் முழுவதையும் கொட்டினார்கள். "சாமி காரியத்துல இப்படிப் பண்ணிட்டியே தம்பி" என்றார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், நம் ஊர்ச் சமையல்கட்டில் கத்தி இருப்பதே தேங்காய் உடைக்கவும்தான்.

ஹீட் டிரீட்மென்ட் செய்தவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அந்தத் தவணையை யாருடைய பஞ்ச்களோடோ ஒரே லோடில் போட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். கடினத்தைச் சொல்கிற ராக்வெல் ரிப்போர்ட் கேட்டதற்குச் சரியான பதிலே இல்லை. ஆனால் எத்தனை ராக்வெல் வந்திருந்தாலும் எலும்புக்கு அது ஆகாது.

எல்லாருக்கும் பணத்தைத் திருப்பினேன். தீப சீசன் வருமானம் அதிலேயே போயிற்று. அன்றிலிருந்து என் கணக்கு ஒன்றே: நல்ல எஃகில் ஒரு தவணைக்கு எத்தனை என்றால், அத்தனையும் திரும்பி வந்தாலும் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை. கையில் அதற்கான பணத்தை ஒதுக்கிவைத்த பிறகுதான் தகடு வாங்குகிறேன். ஒவ்வொரு தவணையிலும் ஒரு கத்தியை நானே வைத்துக்கொண்டு வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கிறேன். வாங்குகிறவர் பெயர், போன் நம்பர், எதை வெட்டுவார், யார் தீட்டித் தருவார், எல்லாம் நோட்டில் ஏறும். தேங்காய் என்றோ எலும்பு என்றோ சொன்னால், எவ்வளவு பணம் நீட்டினாலும் லாரிப் பட்டைக் கத்திதான் தருவேன். அதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. வேண்டுகிற அன்றைக்கே வந்து எடுத்துப் போகலாம், சாணைக்கும் என்னிடமே கொண்டுவரலாம். கறிக்கடை அண்ணன் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறார்.