பழைய டிராக்டரின் நீர்க்குழாய்களும் தெர்மோஸ்டாட்டும்

வைகை அணையினின்று முதல் போகத்திற்குத் தண்ணீர் திறக்கப்பெற்றதும், பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோக நிலத்தில் எத்திசை நோக்கினும் டிராக்டரின் ஓசையே கேட்கும். வாய்க்காலில் முறை வரும் நாட்களுக்குள் சேற்றுழவை முடித்து நாற்றை நட்டுவிட வேண்டும். அந்நாட்களில் ஒரு டிராக்டர் வயல் நடுவே ஆவி கக்கி நின்றுவிடுமானால், அதன் சொந்தக்காரரோடு, வாடகைக்குச் சொல்லி வைத்துக் காத்திருக்கும் அண்டை நிலத்தாரும் இடர்ப்படுவர்.

வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமமொன்றில் நாம் இதனை நேரிற் கண்டோம். நின்றது பதினெட்டு ஆண்டுகள் உழைத்த வண்டி. கெட்டது ஒரு சாண் நீளமுள்ள ரப்பர்க் குழாய். குழாய் வெடித்தது தெரியாமல் மேலும் இரண்டு சால் ஓட்டியமையால் சிலிண்டர் தலை கோணிவிட்டது. செலவு குழாயின் விலையைப்போல் பன்மடங்காயிற்று. அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்த ஓட்டுநரின் முன்கை வெந்துபோனது அதனினும் பெரிய துன்பம். இவ்வளவுக்கும் காரணமான பழுது, உழவு தொடங்குமுன் அரைநாளில் சீர்செய்யக் கூடியதாகும்.

எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஒரு பகுதியே வேலையாக மாறுகிறது. சிலிண்டர்களைச் சுற்றியுள்ள வெப்பத்தை நீர் ஏற்றுக்கொண்டு, மேற்குழாய் வழியாக ரேடியேட்டருக்குச் சென்று, காற்றினால் ஆறி, கீழ்க்குழாய் வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. இந்நீரைச் செலுத்துவது வாட்டர் பம்பு. எஞ்சினிலிருந்து மேற்குழாய்க்கு நீர் வெளிப்படும் வாயிலில் ஒரு சிறு கதவு உண்டு. அதுவே தெர்மோஸ்டாட். அதனுள் அடைத்துள்ள மெழுகு, நீர் சூடேறியதும் இளகி விரிந்து கதவைத் திறக்கும். ஆறினால் சுருங்கி மூடும். திறக்கும் வெப்பநிலை பெரும்பாலும் 75 முதல் 85 டிகிரி சென்டிகிரேடுக்குள் அமைந்திருக்கும். அவ்வெண் அதன் மீதே பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பழைய ஐச்சர் டிராக்டர்களில் பல காற்றினாலேயே குளிர்பவை. அவற்றை வைத்திருப்போர்க்கு இக்கட்டுரையால் வேலையில்லை.

“நம்மூர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு? கழற்றி எறிந்துவிடுங்கள்” என்று சொல்லும் மெக்கானிக்குகள் நம் பக்கத்தில் உண்டு. பெரும்பாலோர் அதை நம்பவும் செய்கின்றனர். இது தவறு என்பதே நமது கருத்து. சித்திரை வெயிலிலும் காலையில் எஞ்சின் ஆறியே இருக்கிறது. கதவு இல்லாத எஞ்சின் வேலைக்குரிய வெப்பத்தை அடைய நெடுநேரமாகும். அதுவரை டீசல் முழுதும் எரிவதில்லை. எரியாத டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக் கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்கிறது. எண்ணெய்ச் செலவு கூடுகிறது; பிஸ்டன் வளையங்கள் விரைவில் தேய்கின்றன. இன்னொன்றும் உண்டு. சில வகை எஞ்சின்களில், தெர்மோஸ்டாட் திறக்கும்போதே நீர் சுற்றிப்போகும் பக்கவழியை அது மூடிவிடும். அதனைக் கழற்றினால் பக்கவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே மீண்டும் எஞ்சினுக்குள் புகும். அதாவது, சூட்டைக் குறைக்கவென்று கழற்றியதால் சூடு மிகுவதும் உண்டு!

ஆகவே கழற்றியதை எறியாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு பாத்திரத்தில் நீர் வைத்து, தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாதவாறு தொங்கவிட்டுக் காய்ச்சுக. வெப்பமானி இருப்பின், பொறித்த எண்ணை அண்டும்போது கதவு அசையத் தொடங்குகிறதா எனப் பார்க்கலாம். இல்லையேல், ஆறிய நீரில் இறுக மூடியும், கொதிக்கும் நீரில் கால் அங்குலமளவு திறந்தும் இருக்கிறதா என்று பார்ப்பதே போதும். பாதி திறந்து நிற்பதும், மூடியபடியே இருப்பதும் மாற்றத் தக்கவை. வாங்கும்போது வண்டியின் மாதிரியையும் எண்ணையும் சொல்லியே வாங்குக.

குழாய்கள் மூப்படைவது வெளியிலிருந்து தெரிவதில்லை. அவை உள்ளிருந்தே கெடுகின்றன. எஞ்சின் ஆறியிருக்கும்போது குழாயை விரல்களால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல குழாய் அழுந்தி மீளும். கொழகொழத்ததும், கல்போல் இறுகியதும், அழுத்தும்போது நொறுங்கும் ஓசை தருவதும் ஆகாதவை. கிளாம்ப் இருக்குமிடத்தில் உப்பியிருந்தாலும் மாற்ற வேண்டியதே. கீழ்க்குழாயைப் பலரும் கவனிப்பதில்லை. அது பம்பு நீரை உறிஞ்சும் பக்கத்தில் உள்ளது. குழாய் தளர்ந்துவிட்டால், எஞ்சின் வேகமெடுக்கும்போது உட்பக்கமாக ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தைத் தடுக்கும். எஞ்சின் நின்றவுடன் பழையபடி விரிந்து, குற்றமற்றதுபோல் காட்சி தரும். இதற்காகவே சில கீழ்க்குழாய்களுள் கம்பிச்சுருள் வைக்கப்பெறுகிறது. அது துருப்பிடித்திருந்தால் சுருளையும் மாற்றுக.

மதுரைக்காரர்க்குக் குழாய் கிடைப்பது அரிதன்று. 1912-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்ட நாள்முதல் இவ்வூர் மோட்டார்த் தொழிலுக்குப் பெயர்பெற்றது. ரப்பர்ப் பொருள் செய்யும் தொழிற்கூடங்களும் இங்கு பலவுள. ஆயினும் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் குழாயை வெட்டிச் சொருகி வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அதனுள் வெப்பந்தாங்கும் நூலிழை அடுக்கு இல்லை. ஒரு நாள் உழவுக்குக்கூட உத்தரவாதமில்லை. வளைவுள்ள இடத்தில் நேர்குழாயை வளைத்துப் பூட்டுவதும் கூடாது. வளைவில் மடிந்து நீர்வழி அடையும்.

மாற்றும் வேலையை எஞ்சின் முற்றும் ஆறிய பின்பே தொடங்குக. மூடி அழுத்தத்தை அடக்கி வைத்திருப்பதால் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாமல் நிற்கும். மூடியைத் திறந்த கணமே ஆவியாய்ச் சீறும். அந்த ஓட்டுநரின் கை வெந்தது இதனாற்றான். ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து நீரை ஒரு வாளியில் பிடிக்க வேண்டும். கூலண்ட் கலந்த நீர் இனிப்புச் சுவையுடையது, ஆனால் நஞ்சு. மாடும் நாயும் விரும்பிக் குடித்துவிடும். ஆதலின் தொட்டியருகிலோ கிணற்றருகிலோ ஊற்றாமல், கேனில் அடைத்துப் பட்டறையில் ஒப்படைத்தல் நலம்.

ஒட்டிக்கொண்ட குழாயைத் திருகி நெம்பாதீர்கள். ரேடியேட்டரின் கழுத்து மெல்லிய தகடு; நெளிந்துவிடும். குழாயைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பதே முறை. கழுத்திலுள்ள துருவையும் பொருக்கையும் சுரண்டி, சோப்பு நீர் தடவிப் புதுக் குழாயை ஏற்றுக. டீசலோ கிரீஸோ தடவினால் ரப்பர் ஊறிக் கெடும். கிளாம்ப், கழுத்தின் புடைப்பைத் தாண்டி உட்புறம் அமைய வேண்டும். தெர்மோஸ்டாட்டின் மெழுகுக் குமிழ் எஞ்சினை நோக்கியும், சிறு துளை மேற்புறமாகவும் இருக்கும்படி வைக்க வேண்டும். அத்துளை வழியாகவே அடைபட்ட காற்று வெளியேறும். பழைய காஸ்கெட்டை முற்றும் சுரண்டிவிட்டுப் புதியது போடுக. போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். ஒரே மூச்சில் ஒன்றை இறுக்கினால் மேல்மூடி விரிசல் காணும்.

எந்த நீரை ஊற்றுவது? நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பலவிடத்தும் உப்பும் சுண்ணமும் மிக்கது. வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் வெள்ளையாய்ப் படியும் அதே பொருக்கு எஞ்சினுக்குள்ளும் படியும். வடிநீரும் கூலண்டும் சேர்த்து, டப்பாவில் குறித்த அளவில் ஊற்றுவதே சிறந்தது. நமக்குப் பனியுறைவு இல்லையே என்று கூலண்டைத் தள்ளவேண்டாம். அது துருவைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது. பஞ்சாயத்து அலுவலகத்தில் மழைநீர் சேகரிப்புத் தொட்டி உண்டெனில், முதல் மழைக்குப் பின் பிடித்த தெளிந்த நீரை அவசரத்திற்கென்று இரண்டு கேன் எடுத்து வைப்பது நல்ல ஏற்பாடு. வாடகை டிராக்டர் வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் வண்டிதோறும் ஒரு மேற்குழாய், ஒரு கீழ்க்குழாய், நான்கு கிளாம்ப் ஆகியவற்றைக் கையிருப்பில் வைக்கலாம்.

நீரை மெதுவாக ஊற்றி, மூடியைப் போடாமல் எஞ்சினை மெல்ல ஓடவிட்டால் காற்றுக்குமிழ்கள் வெளிவரும். மட்டம் இறங்க இறங்க நிரப்பிப் பின் மூடுக. விசிறிக்கு விலகி நின்று மேற்குழாயைத் தொட்டால் முதலில் சில்லென்றிருக்கும். சற்றுப் பொறுத்துத் திடீரெனச் சுடும். அக்கணமே தெர்மோஸ்டாட் திறந்தது. மறுநாட்காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, கிளாம்புகளை மீண்டும் அரைச்சுற்று இறுக்கி, குறைந்த நீரை நிரப்பியபின் வண்டியை வயலில் இறக்கலாம்.