மருந்தே கலியாகும்போது



போதை என்றால் கஞ்சா, அபின் என்றே நினைக்கிறோம். டாக்டர் எழுதித் தரும் மாத்திரையிலும் அது ஒளிந்திருக்கும். தூக்கத்துக்கு அல்பிரசோலம், வலிக்கு டிரமடால், டபென்டடால் தருவார்கள். அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை எடுத்தால் மருந்து. தொடர்ந்தால் உடம்பு பழகிவிடும். ஒன்று போதாமல் இரண்டு கேட்கும். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் இளைஞர்களும் நம் நாட்டில் உண்டு. அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும்.

இடுப்பு வலியால் தூக்கம் கெட்டபோது எனக்கும் இரண்டு வாரத்துக்குத் தூக்க மாத்திரை எழுதினார்கள். பழைய சீட்டைக் காட்டியே எட்டு மாதம் வாங்கித் தின்றேன். பிறகு வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் தாங்கலில் விளக்கேற்றும்போது கைகால் வெட்டி விழுந்தேன். "திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்" என்றார் டாக்டர். அப்படியே குறைத்தேன், நாலு மாதத்தில் விடுபட்டேன்.

ஆகவே பழைய சீட்டில் மருந்து வாங்காதீர்கள். பழகிவிட்டவரைப் பழிக்காதீர்கள், வீட்டுக்குள் மறைக்கவும் வேண்டாம். அய்யாவிடம் வேண்டுங்கள்; அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போங்கள். 14446 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

அய்யா உண்டு.