உழைச்செல்வாரின் வினா

நுழையும்முன்

நோய் தீர மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும். நோயாளியின் பக்கத்தில் இரவும் பகலும் இருப்பவரும் வேண்டும். அவ்வாறு இருப்பவர் தாம் அன்றாடம் செய்யும் பணியை நோக்கி, 'இஃது உண்மையிலேயே பயன் தருகிறதா?' என்று வினவத் தொடங்கும்போது செவிலியம் ஓர் அறிவுத்துறையாகிறது. அந்த வினா பிறந்த விதத்தையும், நம் மாணவர் கைகளில் அஃது ஆய்வாக வளரும் விதத்தையும் இப்பாடம் பேசுகிறது.

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக அவர் வைப்பது 'உழைச்செல்வான்'. உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் அருகிருந்து மருந்தூட்டிப் பேணுபவரை அச்சொல் குறிக்கிறது. இன்று செவிலியர் என்று நாம் வழங்குவோரின் பணிக்கு வள்ளுவர் மருத்துவரின் பணிக்கு நிகராக ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார். இவ்விடத்தை நாம் பல காலம் மறந்திருந்தோம் என்றே சொல்ல வேண்டும். ஏவியதைச் செய்வதே செவிலியர் கடமை என்ற எண்ணம் இன்றும் முற்றிலும் அகலவில்லை.

பூந்தமல்லியிலிருந்து திருமழிசை வழியாக மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் காலை ஏழு மணிக்குப் பயணம் செய்தவர்கள், சீருடையணிந்த செவிலிய மாணவர்களைச் சுமந்து செல்லும் பேருந்துகளைப் பார்த்திருப்பார்கள். தண்டலத்தில் சவீதா செவிலியர் கல்லூரி இருக்கிறது. வானகரத்திலிருந்து அம்பத்தூர் செல்லும் சாலையில், அயனம்பாக்கத்தில் அப்போலோ செவிலியர் கல்லூரி இருக்கிறது. இத்தகைய கல்லூரிகளில் இளநிலைச் செவிலியப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். உடற்கூற்றியல், மருந்தியல் முதலிய பாடங்களோடு 'செவிலிய ஆய்வும் புள்ளியியலும்' என்ற பாடமும் அதில் உண்டு. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஓர் ஆய்வை நடத்தி முடிக்க வேண்டும். முதுநிலைப் படிப்பில் ஒவ்வொருவரும் தனித்தனியே ஆய்வேடு அளிக்க வேண்டும். ஊசி போடவும் கட்டுக் கட்டவும் கற்கும் ஒருவருக்குப் புள்ளியியல் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம்.

எண்களைக் கொண்டு வாதாடியவர்

1854ஆம் ஆண்டு நவம்பரில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் ஸ்கூட்டாரியில் இருந்த பிரித்தானியப் படை மருத்துவமனைக்குச் சென்றார். கிரீமியப் போரின் காலம் அது. கையில் விளக்கேந்தி இரவில் நோயாளர்களைப் பார்வையிட்டவர் என்றே அவரை நாம் அறிந்திருக்கிறோம். அவர் கையில் எப்போதும் ஒரு குறிப்பேடும் இருந்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. போர் முடிந்தபின் இறப்புக் கணக்குகளைத் தொகுத்து, காயங்களால் இறந்த வீரர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோர் மிகப் பலர் என்பதை அவர் காட்டினார். அட்டவணையைப் படிக்கப் பொறுமையற்ற அமைச்சர்களும் ஒரே பார்வையில் உணரும்படி, வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களாகப் பகுத்து வண்ணமிட்ட வரைபடமாக அதனை வரைந்தார். 1858இல் இலண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அச்சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் அவரே.

அவர் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆயினும் இந்தியப் படை நிலையங்களுக்கெல்லாம் நீண்டதொரு வினாப்பட்டியல் அனுப்பச் செய்தார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே செல்கிறது, ஒரு கூடத்தில் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்பன போன்ற எளிய வினாக்கள் அவை. அவற்றுக்கு வந்த விடைகள் 1863இல் வெளியான அரச ஆணைய அறிக்கைக்கு அடிப்படையாயின. அக்காலத்தில் பூந்தமல்லியும் சென்னை மாகாணப் படை நிலையங்களுள் ஒன்று.

தெரிந்து தெளிவோம்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியை நிறுவினார். செவிலியத்தில் பட்டப்படிப்பு 1946ஆம் ஆண்டு தில்லியிலும் வேலூரிலும் தொடங்கப்பட்டது.

சேத்துப்பட்டில் நடந்த ஆய்வு

நம் ஊரில் நடந்து உலகின் நடைமுறையையே மாற்றிய ஆய்வொன்று உண்டு. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ நடுவம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து அதனை அமைத்தன. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று வழங்குவது அதுவே.

காசநோயாளிக்கு நல்ல காற்று, சத்தான உணவு, முழு ஓய்வு ஆகியவை இன்றியமையாதவை என்பது அன்றைய உறுதியான நம்பிக்கை. ஆகவே அவர் தாம்பரம் சானடோரியம் போன்ற இடத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டும். ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற படுக்கைகள் நாட்டில் இல்லை. இடம் கிடைக்காதவர் வீட்டிலேயே இருந்தார், பலர் இறந்தனர். நோயை வெல்லும் மருந்துகள் வந்துவிட்ட காலத்தில், அவற்றை வீட்டில் வைத்தே கொடுத்தால் என்ன என்ற வினா எழுந்தது. இவ்வினாவுக்கு ஊகத்தால் விடை கூற இயலாது. நெரிசலான ஓரறை வீட்டில், குறைந்த உணவில், ஓய்வின்றி உழைக்கும் ஒருவருக்கு மருந்து மட்டும் போதுமா?

நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு சானடோரியத்தில் தங்கியது. மற்றொன்று வீட்டில் இருந்தது. இரு குழுவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள், ஐசோனியசிட்டும் பாஸும். குலுக்கல் முறை ஏன் என்பதை இங்கே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நோய் முற்றியவரைச் சானடோரியத்துக்கும் இலேசான நோயுடையவரை வீட்டுக்கும் அனுப்பியிருந்தால், பின்னர்க் கிடைக்கும் வேறுபாடு இடத்தால் வந்ததா நோயின் கடுமையால் வந்ததா என்று எவராலும் சொல்ல இயலாது போகும்.

வீட்டுக் குழுவின் வெற்றி, படியேறிச் சென்ற கால்களைச் சார்ந்திருந்தது. செவிலியரும் நலப்பணியாளரும் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றனர். சில வேளைகளில் முன்னறிவிப்பின்றியும் சென்றனர். எஞ்சியிருந்த மருந்துகளை எண்ணினர். மருந்து உட்கொள்ளப்பட்டதா என்பதை அறியச் சிறுநீர் மாதிரி பெற்றுச் சோதனைக்கு அனுப்பினர். இப்பணி நடைபெறாதிருந்தால் 'வீட்டில் மருந்து கொடுத்தோம்' என்ற கூற்றுக்கு எந்தச் சான்றும் இருந்திராது.

முடிவு 1959இல் உலகச் சுகாதார அமைப்பின் இதழில் வெளிவந்தது. ஓராண்டு மருத்துவத்தின் முடிவில், சளியில் கிருமி நீங்கி நோய் தணிந்தவர்கள் சானடோரியக் குழுவில் 92 விழுக்காட்டினர். வீட்டுக் குழுவில் 86 விழுக்காட்டினர். சானடோரியத்தில் இருந்தோர் நன்றாக உண்டனர், எடையும் கூடினர். ஆயினும் குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவிவிடுமோ என்ற அச்சமும், ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபின் நீங்கியது. படுக்கைக்காகக் காத்திருந்து இறக்க வேண்டியதில்லை என்பது இதனால் உறுதியாயிற்று. சானடோரியங்களின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது.

ஒரு புண்ணிலிருந்து ஓர் ஆய்வு

இவ்வளவு பெரிய ஆய்வை மாணவர்கள் செய்ய வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. அவர்களுடைய வினா கூடத்தின் ஒரு படுக்கையிலிருந்து பிறக்கலாம். பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த முதியவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவரால் தாமாகப் புரண்டு படுக்க இயலாது. எலும்பு துருத்தி நிற்கும் இடங்களான முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகியவற்றில் உடலின் எடை அழுந்துகிறது. அங்கே இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. முதலில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காத சிவப்பே ஆபத்தின் முதல் அறிகுறி. கவனியாது விட்டால் சில நாள்களில் அது புண்ணாகும், எலும்புவரை ஆழமாகும், கிருமி புகுந்தால் உயிருக்கே உலை வைக்கும். பக்கவாதத்திலிருந்து மீண்டவர் படுக்கைப் புண்ணால் இறந்த துயரம் பல வீடுகளுக்குத் தெரியும்.

முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் பூசுவது நெடுநாள் வழக்கம். இங்கிலாந்திலும் இத்தகைய வழக்கங்கள் பல இருந்தன. டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர் முதியோர் கூடங்களில் ஆராய்ந்து, 1962இல் தம் குழுவினரோடு வெளியிட்ட நூலில், தோலில் எதைப் பூசுவது என்பதைவிட அழுத்தத்தை நீக்குவதே முதன்மையானது என்று காட்டினார். யாருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிய ஓர் அளவுகோலும் அமைத்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவுத்திறன், கழிவுக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். மொத்தம் இருபது. பதினான்கோ அதற்குக் குறைவோ பெறுபவர் ஆபத்தில் இருக்கிறார்.

விடை முன்பே கிடைத்துவிட்டதெனில், நம் மாணவர் ஆராய என்ன இருக்கிறது? விடை தெரிந்தும் செயல் நடைபெறாதது ஏன் என்பதே இங்குள்ள வினா. இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று நூல் சொல்கிறது. கூடத்திலோ நோயாளர் பலர், செவிலியர் சிலர். ஆனால் நம் மருத்துவமனைகளில் ஏறத்தாழ ஒவ்வொரு படுக்கையருகிலும் மகளோ மனைவியோ தம்பியோ உடனிருக்கிறார். உடனிருப்பவருக்குத் திருப்பும் முறையைக் கற்பித்து, நேரம் குறித்த அட்டையொன்றைப் படுக்கையில் மாட்டினால் புண்கள் குறையுமா? அயல்நாட்டு நூல்கள் எழுப்பாத, நம் கூடங்களுக்கே உரிய வினா இது. வள்ளுவரின் உழைச்செல்வான் இங்கே செவிலியராகவும் உறவினராகவும் இருவராகிறார்.

இனி உழைப்பு தொடங்குகிறது. முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டும். பின்னர் நோயாளியின் ஒப்புதல், அவர் அறிந்த மொழியில். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய மருத்துவமனையில் இந்தியோ ஒடியாவோ மட்டும் பேசும் தொழிலாளரும் இருப்பார். புரியாத தாளில் பெற்ற கையொப்பம் ஒப்புதல் ஆகாது. மறுப்பவருக்கும் கவனிப்பில் சிறு குறையும் நேரக் கூடாது. ஒப்பீட்டுக் குழுவில் உள்ளவரைக் கவனிக்காமல் விட்டுவிடலாம் என்பதும் இல்லை. கூடத்தில் வழக்கமாகக் கிடைக்கும் பராமரிப்பு அவருக்கு முழுமையாகக் கிடைக்க வேண்டும். எக்குழுவில் இருந்தாலும் சிவப்பைக் கண்டால் உடனே கூடச் செவிலியரிடம் சொல்ல வேண்டும். ஆய்வு கெட்டுவிடுமே என்று வாளாவிருப்பவர் ஆய்வாளரும் அல்லர், செவிலியரும் அல்லர்.

தோலைப் பார்த்துக் குறிப்பெழுதும் மாணவருக்கு, அந்நோயாளி எக்குழுவைச் சேர்ந்தவர் என்பது இயன்றவரை தெரியாதிருப்பது நல்லது. நம் முயற்சி வெல்ல வேண்டும் என்ற ஆசை கண்ணையும் ஏமாற்றும். ஆறு மணிக்குப் பார்க்க மறந்த தோலை, எட்டு மணிக்கு நினைவுகூர்ந்து 'இயல்பு' என்று எழுதிவிடும் சோதனை எல்லோருக்கும் வரும். அந்தக் கட்டத்தை வெற்றிடமாக விடுவதே நேர்மை.

அரங்கில் நிற்கும்போது

ஆய்வு முடிந்ததும் அதனை அவையில் வைக்க வேண்டும். கருத்தரங்குகளில் சில நிமிடங்களே கிடைக்கும். அல்லது ஒரே சுவரொட்டியில் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். நைட்டிங்கேலின் வண்ணப்படம் இங்கே நல்ல ஆசான். நோயாளியின் பெயரோ முகமோ எவ்விடத்திலும் தோன்றக் கூடாது.

எதிர்பார்த்தபடி புண்கள் குறைந்திருந்தால் பேசுவது எளிது. இரு குழுக்களிலும் வேறுபாடு இல்லையெனில் மாணவர் தோற்றுவிட்டோம் என்று கலங்குவார். அம்முடிவை மறைத்தால், அதே பயனற்ற வழியில் மற்றொரு கல்லூரியின் மாணவர் மற்றோர் ஆண்டு நடப்பார். வேறு நோயாளிகள் அதன் சுமையைத் தாங்குவர். மாதிரி சிறிதாக இருந்தால், 'முப்பது பேரிடம் கண்டது இது. இதைக் கொண்டு எல்லோருக்கும் விதி வகுக்க இயலாது' என்று தாமே முன்வந்து சொல்ல வேண்டும்.

இத்தகைய ஆய்வேடுகளில் பல, பட்டம் பெற்ற மறுநாளே நூலக அடுக்கில் உறங்கப் போய்விடுகின்றன என்பது ஒரு குறைதான். என் எண்ணத்தில், கருத்தரங்க மேடைக்குச் செல்லுமுன் அம்முடிவுகளைக் கேட்க வேண்டியவர், தரவு தந்த கூடத்தின் செவிலியர். பேராசிரியர் புள்ளியியல் வினாக்களைக் கேட்பார். இருபதாண்டு பணியாற்றிய சிஸ்டரோ, 'அட்டை நன்றாயிருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு உடனிருப்பவர் அசந்து உறங்கும்போது யார் திருப்புவது?' என்று கேட்பார். அதற்கு ஆய்வேட்டில் விடை இருக்காது. மாணவர்கள் மறுபடியும் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, இம்முறை இரவுப் பணிக்கு வரவேண்டியதுதான்.

கற்பவை கற்றபின்...

உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றும் செவிலியர் ஒருவரைக் கண்டு, அவர் தம் பணியில் விடை தேடும் வினா ஒன்றைக் கேட்டு எழுதுக.

உங்கள் வகுப்பில் ஒரு வாரம் காலை உணவு உண்டு வந்தவர், உண்ணாது வந்தவர் எண்ணிக்கையைப் பெயர் குறிப்பிடாமல் தொகுத்து, வரைபடமாக வரைந்து வகுப்பறையில் விளக்குக.