அந்தரங்கத் தோலில் புள்ளியா?

அந்தரங்க உறுப்பில் கடுகளவு மஞ்சள், வெண்மைப் புள்ளிகள் பல ஆண்டுகளாக மாறாமல், அரிப்போ வலியோ இல்லாமல் இருந்தால் அவை பெரும்பாலும் தோலுக்கு அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள்தாம். ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் 1896-இல் இவற்றை விவரித்ததால் அவர் பெயரே நிலைத்தது. ஆண்குறி மொட்டின் விளிம்பில் வரிசையாக வரும் சின்னஞ்சிறு முத்துப் பருக்களும் இயல்பானவையே. இவை தொற்றாதவை. கிள்ளாதீர்கள், சுண்ணாம்பு வைக்காதீர்கள்.

திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் தொடையிடுக்கில் படர்தாமரை சுலபமாக வரும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாளில் அரிப்பை அடக்கும். பூஞ்சையோ மேலும் பரவும். தயவுசெய்து வேண்டாம்.

புண், கொப்புளம், வளரும் மரு, சீழ், இரத்தக்கசிவு, அரிப்போடு வெளுக்கும் தோல் ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பாருங்கள். வலிக்காத புண்ணை அலட்சியம் செய்யவே கூடாது. சிபிலிஸ் அப்படித்தான் தொடங்கும், புண் தானே ஆறினாலும் நோய் உள்ளே இருக்கும். திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் தோல், பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போகலாம். கேரள அரசின் ‘புலரி’ மையங்களும் தமிழ்நாட்டின் ‘சுகவாழ்வு’ மையங்களும் பால்வினை நோய்களுக்கென்றே உள்ளவை. பெண்களும் தயங்காமல் போகலாம். துணைவருக்கும் சேர்த்தே பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.