வள்ளி உடனே சம்மதித்தால் நாடகம் ஏது?

கடன் கேட்டோ சரக்கு விற்கவோ நாலு பேர் முன்னால் பேசப் போகிறீர்களா? ஸ்லைடு செய்து தருகிறேன் என்று வரும் ஆலோசகருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், ஒரு ராத்திரி கண்விழித்து வள்ளி திருமணம் நாடகம் பாருங்கள். கோயில் திருவிழாவில் தரையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு டிக்கெட் கிடையாது. ஆலோசகருக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நான் ஒட்டன்சத்திரத்து முருங்கை விவசாயி. உங்கள் தோட்டத்துக் கதையும் இதுவாகத்தான் இருக்கும்: குளிர் மாதத்தில் வரத்துக் குறைந்தால் கிலோ நூறு ரூபாயைத் தாண்டும், சீசனில் காய் குவிந்தால் பறிப்புக் கூலிக்கே கட்டாது. 1989-இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து பி.கே.எம்-1 விதை வந்த பிறகு, நட்ட வருஷமே காய் என்றாகிவிட்டது. எல்லார் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் காய்த்தால் மார்க்கெட் என்ன செய்யும்? காய்க்கு விலை இல்லாதபோது இலையை உலர்த்திப் பொடியாக்கி விற்கலாம் என்று நானும் பங்காளியும் ஒரு வங்கியில் கடன் கேட்டோம்.

விலை விழுவதால்தான் அந்தத் தொழிலே. ஆலோசகர் அந்தப் பக்கத்தைத்தான் தூக்கினார். “நெகட்டிவா எதுவும் வேண்டாம் சார்.” நான் சண்டை போட்டேன், பங்காளி அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். மிச்சமிருந்தது எங்கள் பெருமை, முருங்கையின் சத்து, வெளிநாட்டுப் பெண் பச்சை ஜூஸ் குடிக்கும் படம். பேசி முடித்ததும் மேலாளர் கேட்ட முதல் கேள்வி: “விலை விழுந்தா என்ன பண்ணுவீங்க?” மனப்பாடம் செய்திருந்த பங்காளி அடுத்த ஸ்லைடைத் தேடினார். கோப்பு திரும்பி வந்தது. புரொஜக்டர்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

வள்ளி திருமணம் நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் காலமானார். நூறு வருஷம் கழிந்தும் அந்த நாடகத்துக்குக் கூட்டம் உட்கார்ந்திருப்பது வள்ளியின் தர்க்கத்துக்காக. நாரதர் வருகிறார், மடக்குகிறாள். வேடன் வேஷத்தில் முருகனே வருகிறான், அவனையும் மடக்குகிறாள். முதல் பாட்டிலேயே சம்மதித்திருந்தால் பத்தரைக்கெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். எதிரே இருப்பவர் மனதில் ஓடும் மறுப்பை மேடையிலேயே ஒருத்தி உரக்கக் கேட்டுவிடுகிறாள். அதன் பிறகு வரும் பதிலைத்தான் ஜனம் நம்புகிறது.

அடுத்த வங்கிக்கு நான் தனியாகப் போனேன். ஒரே தோட்டத்துக் காய்க்கு ஜனவரியில் வந்த மண்டிச் சீட்டையும் மே மாதத்துச் சீட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். “இந்த மே மாசச் சீட்டு வாங்குன ஆளுக்கு யாராவது கடன் கொடுப்பாங்களா சார்?” என்று நானே கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு வள்ளி வேலையை அவரே எடுத்துக்கொண்டார்: இலை ஈரம் பட்டால்? பொடி நிறம் மாறினால்? வாங்குகிறவன் பின்வாங்கினால்? ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. இல்லாத ஒன்றுக்கு “இன்னும் வழி தெரியலைங்க” என்றேன். கேட்டதைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார்கள், ஆனால் கொடுத்தார்கள்.

பேப்பர், கொட்டேஷன், ஜி.எஸ்.டி. எல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். நீங்கள் அந்த நாடகத்தின் கோமாளியை, பபூனை, மட்டும் கவனியுங்கள். நாடகத்தைத் தொடங்கிவைப்பவர் அவர். வந்த ஊரின் சங்கதியை முதல் சிரிப்பிலேயே இழுத்துவிடுவார். வங்கிக்குள் நுழையும் முன் அந்தக் கிளை இதுவரை எந்தத் தொழிலுக்குக் கொடுத்தது, எதில் கையைச் சுட்டுக்கொண்டது என்று டீக்கடையில் விசாரித்துக்கொண்டு போங்கள். மனப்பாடம் கூடாது. வள்ளி திருமணம் ஆடும் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் வெவ்வேறு ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் அன்றைக்கு மேடையில்தான் சந்திக்கிறார்கள். எதிராளி எந்தப் பக்கம் இழுத்தாலும் பதில் வருவது கதை முழுசும் கைவசம் இருப்பதால்தான்.

அந்த ஆலோசகர் இப்போது ‘கதை சொல்லி ஜெயிப்பது எப்படி’ என்று வகுப்பு எடுக்கிறாராம். சேருகிறவர்கள் பணம் கட்டும் முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: என் கதையில் வில்லன் யார், அவனை எத்தனையாவது ஸ்லைடில் வைப்பீர்கள்?