பழியும் விசாரணையும்

கேள்வி: விஞ்ஞானத் துறையின் தலைவர் ஒருவர்மீது பகிரங்கமாகக் குற்றம் சாட்டப்பட்டால், விசாரணை முடியும்வரை மௌனமாக இருப்பதுதான் நியாயமா?
— ஒரு வாசகர், சித்தூர்

பதில்: மௌனம் தேவையில்லை, தீர்ப்பு எழுதும் அவசரமே தகாதது. தங்கள் பக்கத்து மாவட்டமான திருப்பதியைச் சேர்ந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணேறும் ராக்கெட்டுகளுக்கு விகாஸ் என்ஜினை உருவாக்கித் தந்த குழுவின் தலைவரான நம்பி நாராயணன், ரகசியங்களை அந்நியருக்கு விற்றார் என்ற அபவாதத்தின் பேரில் 1994 நவம்பரில் கைதானபோது, பத்திரிகைகள் பல விசாரணைக்கு முன்பே அவரைத் தேசத்துரோகியாக்கிவிட்டன. குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று 1996இலேயே சி.பி.ஐ. அறிக்கை தந்தும், உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் நஷ்டஈடு விதிக்க 2018 செப்டம்பர் ஆயிற்று. அந்த 24 ஆண்டுகளை எந்தத் தொகை ஈடுசெய்யும்? ஆயினும் இதையே சாக்காகக் காட்டி, அதிகாரத்தில் இருப்பவரால் மெய்யாகவே துன்புற்று முறையிடுகிறவரின் வாயை அடைப்பது அதற்குச் சற்றும் குறையாத அநியாயம். முறையீட்டைச் சிரத்தையோடு கேட்டு, இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாதவரைக் கொண்டு விசாரித்து, குற்றம் சாட்டப்பட்டவரின் மறுமொழியையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் பிரசுரிக்கும்படி ஸ்தாபனங்களையும் பத்திரிகைகளையும் நாம் வற்புறுத்த வேண்டும்.